ஒரு மூட்டை அரிசி: காலைத் தொடரும் அடுப்படியின் கதையாடலும்

1

"அந்தப் பொண்ணுக்கு எத்தினி மூட்ட குடுத்தாங்க?"

எங்கள் ஆயா கேட்ட முதல் கேள்வி இது. நண்பர் ஒருவர் கொடுத்த 'ஓஷின்' என்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரின் ஆரம்பப் பகுதிகளை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கண் ஆபரேஷனுக்காக வந்து என் வீட்டில் தங்கியிருந்த ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மொழி புரியாது. கீழே ஓடிய ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழு வயதுப் பெண் குழந்தை ஓஷினை ஒரு மரக்கடைக்காரர் வீட்டுக்கு ஒரு வருஷ வேலைக்கு அனுப்புகிறார்கள். அதற்கு ஈடாக அவள் வீட்டுக்குக் கிடைப்பது ஒரு மூட்டை அரிசி. பனி மூடிய மொகாமி ஆற்றில் படகு போகிறது. அப்பா கரையோரமாக ஓடி வருகிறார். குழந்தை அழுகிறது. நான் கலங்கிப்போயிருந்தேன். ஆயா கலங்கவில்லை. கணக்குக் கேட்டது.

ஒரு மூட்டை என்றேன். ஜப்பானிய மூட்டை சுமார் 60 கிலோ என்றும் சொன்னேன். "நம்ம நெல்லு மூட்ட எழுவத்தஞ்சு. அதவிடச் சின்ன மூட்டதான். ஆனா அரிசியாவே குடுத்திருக்கான், உமி போவாது. பரவால்ல" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "என்ன வுட்டப்போ எங்கப்பனுக்கு ரெண்டு கலம் கேவுரு" என்றது.

எனக்கு நாற்பத்தைந்து வயது. ஆயா சின்ன வயதில் ஒரு பெரிய வீட்டில் மாட்டுக்குப் புல் போட்டு, சாணி அள்ளிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஒரு விலை இருந்தது, அந்த விலை தானியமாக அளக்கப்பட்டது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு குடும்பக் கதையில் எது சொல்லப்படுகிறது, எது விழுங்கப்படுகிறது என்பது பற்றிச் சில விஷயங்களை இந்தக் கட்டுரையில் யோசித்துப் பார்க்கிறேன். ஜப்பானின் காலைத் தொடர் என்னும் வடிவத்தை முன்வைத்து, எங்கள் செஞ்சி வட்டாரத்தின் பாரதக் கூத்து, நம் தொலைக்காட்சித் தொடர்கள், நம் எழுத்து ஆகியவற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நோக்கம்.

2

ஜப்பானின் அரசு சார்ந்த ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1961இல் 'மகளும் நானும்' என்னும் நாவலைத் தொடராக்கி, காலை நேரத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது. இவ்வகைத் தொடர்களுக்கு அவர்கள் வைத்த பெயரே 'தொடர் தொலைக்காட்சி நாவல்' என்பதுதான். செய்தித்தாளில் தினமும் ஒரு துண்டு வரும் தொடர்கதை, வானொலி நாடகம் ஆகிய இரண்டின் வாரிசு அது. மக்கள் சுருக்கமாக 'அசதோரா', அதாவது காலை நாடகம் என்கிறார்கள். ஒரு நாளைக்கு 15 நிமிஷம். 2020 வரை வாரத்துக்கு ஆறு நாள். அதற்குப் பிறகு ஐந்து நாள் புதிய பகுதி, சனிக்கிழமை தொகுப்பு. 1975இலிருந்து பொதுவாக ஒரு தொடருக்கு ஆறு மாதம். ஒன்றை டோக்கியோவிலும் அடுத்ததை ஓசகாவிலும் தயாரிப்பார்கள். மையத்தில் பெரும்பாலும் ஒரு பெண். அவள் பிறப்பு, வறுமை, வேலை, கல்யாணம், போர், இழப்பு, மீட்சி. 20ஆம் நூற்றாண்டு ஜப்பானின் வரலாறு அந்தப் பெண்ணின் வீட்டுக்குள்ளாக நடந்து முடியும்.

காலை எட்டு மணி என்பது வீட்டுப் பெண்களுக்கு உட்கார்ந்து பார்க்கிற நேரமல்ல. சோறு கட்டிக்கொடுத்து, பாத்திரம் கழுவி, துணி எடுத்துப்போடும் நேரம். ஆகவே திரையைப் பார்க்காமலே காதால் பின்தொடரும்படி இத்தொடர்கள் எழுதப்பட்டன. கதைசொல்லியின் குரல் ஒன்று ஓயாமல் பின்னணியில் விளக்கிக்கொண்டிருக்கும். பெண்ணின் வீட்டு உழைப்பைத் தன் வடிவத்துக்குள்ளேயே ஏற்றுக்கொண்ட பிரதி இது. அந்த உழைப்பு நிற்காது என்பதுதான் இதன் அழகியலுக்கு அடிப்படை. இதை அந்த உழைப்பின் மீதான மரியாதை என்றும் வாசிக்கலாம், அதை நிரந்தரமாக்கும் ஏற்பாடு என்றும் வாசிக்கலாம். இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொரு விஷயம். என்.எச்.கே. விளம்பரத்தில் ஓடுவதல்ல, பார்வையாளர்கள் கட்டும் சந்தாவில் ஓடுவது. எனவே சோப்பும் மசாலாத் தூளும் கதைக்கு இடையில் புகுவதில்லை. ஆனால் விளம்பரம் இல்லை என்பதால் கருத்தியல் இல்லை என்றாகிவிடாது. 'தேசம்' என்னும் பெரிய சரக்கு ஒன்று அங்கே தினமும் 15 நிமிஷம் விற்கப்படுகிறது.

3

'ஓஷின்' 1983 ஏப்ரலிலிருந்து 1984 மார்ச் வரை ஓடிய ஓராண்டுத் தொடர். 297 பகுதிகள். எழுதியவர் சுகாகோ ஹஷிதா என்னும் பெண் (1925–2021). ஜப்பானில் அதன் சராசரி பார்வையாளர் வீதம் 52.6. உச்சம் 62.9. பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. ஈரானில் அது தெருவைக் காலியாக்கிய தொடர். தனக்கு முன்மாதிரி ஓஷின்தான் என்று ஒரு பெண் வானொலியில் சொல்லிவிட, கோமேனி கொதித்துப்போய், நிகழ்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் தண்டிக்கப்பட்டு, பின்னர் மன்னிக்கப்பட்டார்கள். இது 1989இல் நடந்தது. ஓஷின் புகுந்த வீட்டின் குடும்பப் பெயரிலிருந்து பழைய துணி விற்கும் கடைகளுக்கு 'தானாகுரா' என்ற பெயர் அங்கே நிலைத்துவிட்டது. தொலைதூரத்து ஏழை ஒருத்தியின் கதை மற்ற நாட்டு ஏழைகளின் பேச்சுவழக்குக்குள் புகுந்துகொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தத் தொடரை மற்ற குடும்பக் கதைகளிலிருந்து பிரித்துக்காட்டுவது சோறுதான். யமகதா மாகாணத்தின் குத்தகை விவசாயி வீடு. விளைந்த அரிசியில் பெரும்பங்கு நிலக்கிழாருக்கு. அரிசி விளைவிக்கிறவன் வீட்டில் அரிசிச் சோறு இல்லை, முள்ளங்கியை நறுக்கிப் போட்டுப் பெருக்கிய சோறு. 'டைகோன் மேஷி' என்ற அந்தச் சாப்பாடு தொடர் ஓடிய காலத்தில் வறுமையின் குறியீடாகவே ஆகிப்போனது. இன்னொரு வாய் வந்துவிடக்கூடாது என்று ஓஷினின் தாய் உறைபனி ஆற்றில் இறங்கி நிற்கிறாள், வயிற்றில் இருப்பதைக் கலைக்க. அதைப் பார்த்த பிறகுதான் குழந்தை வேலைக்குப் போகச் சம்மதிக்கிறது. குடும்பம் என்பது பாசத்தால் கட்டப்பட்டது என்கிற பொதுப்புத்தியை இந்தக் காட்சி உடைக்கிறது. குடும்பம் என்பது முதலில் வாய்களின் எண்ணிக்கை. பாசம் அந்தக் கணக்குக்குள்தான் நடக்கிறது.

ஆனால் தொடர் அங்கேயே நிற்கவில்லை. ஓஷின் வளர்கிறாள், சிகை அலங்காரம் கற்கிறாள், மீன் விற்கிறாள். மூத்த மகன் போரில் சாகிறான். போருக்குத் துணைபோன கணவன், தோல்விக்குப் பிறகு தற்கொலை செய்துகொள்கிறான். அவள் மீண்டும் எழுந்து, கடைசியில் பெரிய கடைகளின் சொந்தக்காரியாகிறாள். தொடர் ஆரம்பிப்பதே 1983இல், பதினேழாவது கடை திறக்கும் நாளில், கிழவி ஓஷின் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போவதிலிருந்துதான். செழிப்பு வந்த வழியில் எதைத் தொலைத்தோம் என்று தேடிப்போகும் பயணமாகத்தான் ஹஷிதா அதைக் கட்டமைத்திருக்கிறார். உலகம் எடுத்துக்கொண்டது வேறு. 'பொறுத்துக்கொள், பாடுபடு, ஒருநாள் உயர்வாய்' என்று எடுத்துக்கொண்டது. பிரதி ஒரு பக்கம் போக, வாசிப்பு இன்னொரு பக்கம் போயிற்று. அப்படிப் போவதற்கான வாசலைப் பிரதியே திறந்துவைத்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். கடைக்காரியாக முடியாத குத்தகை விவசாயியின் மற்ற மகள்களைப் பற்றி 297 பகுதிகள் சொல்ல முடியாது.

இதை ஆயா என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னது. ஓஷின் பிறகு பெரிய கடை முதலாளி ஆகிவிடுவாள் என்று முன்கதையைச் சொன்னதும், "அவ பாடுபட்டா, கட வெச்சா. நானுந்தான் பாடுபட்டன். எனக்கு எங்க கட?" என்றது. வளர்ச்சி பற்றிய பெருங்கதையாடல்கள் அத்தனைக்கும் எதிராக நாம் எழுதிக் குவித்திருக்கிற பக்கங்களில் இந்த இரண்டு வரிக்குச் சமமானது அதிகம் இல்லை.

4

காலைத் தொடர்களில் சோறு பிறகு பல வேஷம் போட்டது. 2013–14இல் வந்த 'கொச்சிசோசான்' சாப்பாட்டு ஆசை கொண்ட ஒரு பெண், டோக்கியோவிலிருந்து ஓசகாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், நாத்தனாரின் கொடுமையையும் போர்க்காலப் பங்கீட்டையும் சமையலால் கடந்து வருகிற கதை. 2025இல் வந்த 'அன்பான்', பசித்தவனுக்குத் தன் முகத்தையே பிய்த்துக் கொடுக்கும் ரொட்டி வீரனைக் கற்பனை செய்த ஓவியர் தகாஷி யானசேயையும் அவர் மனைவியையும் மாதிரியாகக் கொண்டது.

நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது 2018–19இல் வந்த 'மன்புக்கு' என்ற தொடரை. நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்துவிட்ட இரண்டு நிமிஷ நூடுல்ஸின் மூதாதையான உடனடி நூடுல்ஸை 1958இல் சந்தைக்குக் கொண்டுவந்த மொமொஃபுக்கு ஆண்டோ, அவர் மனைவி மசாகோ ஆகியோரின் வாழ்க்கையைத் தழுவியது. போருக்குப் பிந்திய பசி, வரிசையில் நிற்கும் ஜனங்கள், கொல்லைப்புறக் கொட்டகையில் கணவன் செய்யும் சோதனை, பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் மனைவி. எல்லாம் இருக்கிறது. ஒன்று இல்லை. ஆண்டோ, ஜப்பானின் காலனியாக இருந்த தைவானில் 1910இல் பிறந்தவர், கோ என்பது அவர் குடும்பப் பெயர். தொடரில் வரும் நாயகனோ சந்தேகத்துக்கு இடமில்லாத ஜப்பானியன். ஒரு தேசத்தின் பசியைத் தீர்த்ததாகச் சொல்லப்படும் உணவுக்குப் பின்னால் இருந்த காலனியக் கை, குடும்பக் கதையின் சூட்டில் கரைந்துபோகிறது. பொய்யாக எதுவும் சொல்லப்படவில்லை, பெயரும் மாற்றப்பட்ட புனைவுதானே என்று அவர்கள் சொல்லலாம். அதிகாரம் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கிறது.

இதை ஜப்பானின் குற்றமாக மட்டும் பார்த்துவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

5

செஞ்சி வட்டாரத்தில் தொலைக்காட்சிக்கு வெகுகாலம் முன்பிருந்தே ஒரு தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. அது பாரதம். திரௌபதி அம்மன் கோயில்களுக்கெல்லாம் ஆதி என்று நம்பப்படும் கோயில் பழைய செஞ்சியான மேலச்சேரியில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று வரும். திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. நாளுக்கு ஒரு கட்டம். துகில், தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று நகர்ந்து கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணில் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தருகே பாஞ்சாலி கூந்தல் முடிவது அந்தக் காலை வெளிச்சத்தில்தான். கட்டியக்காரன் நடுவில் நின்று விளக்கிக்கொண்டே போவான். இடையில் தூங்கி எழுந்தவளும், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தவளும் கதையைத் தொலைக்க மாட்டாள். என்.எச்.கே.யின் கதைசொல்லிக் குரல் செய்வதும் இந்த வேலைதான்.

பாரதத்தை நாம் போர்க் கதையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். அதைச் சோற்றுக் கதையாக வாசித்துப் பாருங்கள். ஏகசக்கரத்தில் வீட்டுக்கு ஒரு முறை வைத்து, வண்டிச் சோறும் அதை ஓட்டிப்போகும் ஆளும் பகாசுரனுக்குப் போகவேண்டும். இங்கே பல ஊர்களில் பகாசுரன் வதம் அன்று பீமன் வேஷக்காரர் சோற்று வண்டியோடு தெருவில் வருவார். ஜனங்கள் சிரித்துக்கொண்டு பார்ப்பார்கள். விளைச்சலையும் ஆளையும் சேர்த்துக் கேட்கிற அதிகாரம் எது என்று அந்தச் சிரிப்புக்குள் எல்லோருக்கும் தெரியும். விராடன் அரண்மனையில் சமையல்காரனாக ஒளிந்திருப்பதும் பீமன்தான், பாஞ்சாலி அல்ல.

வனவாசத்தில் வருகிற அட்சய பாத்திரம் இன்னும் முக்கியமானது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்று சொல்லிவைத்திருக்கிறோம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாஞ்சாலி சாப்பிட்டு முடிக்கும் வரைதான் அது சுரக்கும். அவள் சாப்பிட்டுவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆகவே அவள் கடைசியில்தான் சாப்பிட முடியும். துர்வாசர் சீடர்களோடு வந்து நிற்கிற கதையில் அவள் செய்த ஒரே 'தவறு' சாப்பிட்டு முடித்ததுதான். வீட்டுப் பெண் கடைசியில் சாப்பிடவேண்டும் என்கிற ஏற்பாட்டுக்கு சூரிய பகவானே கொடுத்த சாசனம் இது. அட்சய பாத்திரம் என்பது ஒரு பெண்ணின் தள்ளிப்போடப்பட்ட பசி. இதை ஆயாவிடம் சொன்னபோது, "இதுக்கு பாத்திரம் வேற எதுக்கு? எல்லா ஊட்டுலயும் அதான" என்றது.

இந்தக் குடும்பத் தொடருக்கும் வாசல் உண்டு, வாசலில் காவலும் உண்டு. இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் நுழைந்த தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் வருவாய்த் துறை கோயிலைப் பூட்டி சீல் வைத்தது. 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின் பேரில் பூசைக்காக மட்டும் திறந்தார்கள். தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டது 2025 ஏப்ரலில், போலீஸ் பாதுகாப்போடு. சபையில் அவமானப்பட்ட ஒரு பெண்ணின் கோயிலுக்குள், சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் போக இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. பகாசுரனுக்கான வண்டியில் எந்த வீட்டுச் சோறு ஏறும், எந்த வீட்டுச் சோறு ஏறாது என்று எந்தக் கட்டியக்காரனும் விளக்குவதில்லை.

6

இப்போது நம் தொலைக்காட்சிக்கு வரலாம். சன் டிவி 1993இல் தொடங்கியது. 'சித்தி' (1999–2001), 'மெட்டி ஒலி' (2002–2005), 'கோலங்கள்' (2003–2009) என்று குடும்பத் தொடர்கள் மாலைகளைப் பிடித்துக்கொண்டன. 2006இல் திமுக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் அதிமுக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. இவ்விரண்டையும் அரசியல் போட்டியாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம். ஒரு பெண்ணின் நாள் என்ற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பகுதிகள். ஆட்டுக்கல்லிடமிருந்து மீண்ட நேரத்தில் ஒரு பகுதியைத் தொடர் எடுத்துக்கொண்டது. இதை நக்கலாகச் சொல்லவில்லை. ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தவர்கள் யாரும் இதை நக்கலாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் பார்த்தது என்ன? நம் தொடர்களில் சமையலறை உண்டு, சமையல் இல்லை. அங்கே பாயசத்தில் ஏதாவது கலக்கப்படும், குழம்பில் யாராவது உப்பை அள்ளிப் போடுவார்கள், கதவுக்குப் பின்னால் நின்று ஒருத்தி ஒட்டுக்கேட்பாள். அடுப்புப் புகையோ, கை காய்ப்போ, அரிசி விலையோ வராது. மளிகைக்கடை நடத்தும் அண்ணன் தம்பிகளின் கூட்டுக் குடும்பத்தைக் காட்டிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' (2018–2023) போன்ற ஒன்றில் கடையும் சாப்பாடும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன. மருமகள்களை அடுப்படியில் அடைத்துவைத்த ஆணாதிக்க வீட்டை 'எதிர்நீச்சல்' (2022–2024) காட்டியபோது பெண்கள் உற்றுப் பார்த்தார்கள். ஆனாலும் எந்தத் தொடரின் வீட்டிலும் சாதிக்குப் பெயர் கிடையாது. கருவாடு வறுபடும் வாசம் அங்கே வருவது அபூர்வம். மாட்டுக்கறி வரவே வராது. பெயரில்லாத ஒரு வீட்டை 'தமிழ்க் குடும்பம்' என்று ஆக்குகிறார்கள். 'மன்புக்கு'வில் தைவானியன் கரைந்ததும் இந்தக் கரைசலில்தான்.

தொலைக்காட்சிக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். 1982இல் விரிந்த சத்துணவுத் திட்டமும் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இந்தியாவே பார்த்துப் படிக்கிற காரியங்கள். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தபோது ஊர் எதிர்த்தது. 2023இல் கரூர் மாவட்டத்தில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள், ஆட்சியர் நேரில் போக வேண்டியிருந்தது. காலை நேரம், குடும்பம், சாப்பாடு, அதைச் சமைக்கிற ஒரு பெண். ஒரு காலைத் தொடருக்கு வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

7

இதை எழுதுகிற என்னை விட்டுவிட்டு மற்றவர்களைக் கட்டுடைப்பது நேர்மையில்லை. சில வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய ஒரு கதையில் ஆயா வருகிறது. கேழ்வரகுக் கூழ், சுட்ட கருவாடு, மண்சட்டி, ஆயாவின் கை மணம். படித்த தோழர்கள் மண்ணின் ருசி என்று பாராட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கேழ்வரகுதான் ஒரு பெண் குழந்தைக்கு விலையாக அளக்கப்பட்டது என்பது அதில் இல்லை. நான் கேட்கவில்லை, அதனால் இல்லை. அந்தப் பெரிய வீட்டில் சாப்பாடு எப்படி என்று இப்போது கேட்டேன். "கொல்லப்பக்கம் ஒரு பூவரச மரம். அங்க உக்காந்தா மேல இருந்து ஊத்துவாங்க. நேத்து சோறு. கையிலதான் வாங்கணும், சட்டி வெச்சிருந்தா சட்டியில" என்றது. குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை.

கொத்தடிமை முறையைச் சட்டம் 1976இல் ஒழித்தது. அதற்குப் பிறகும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்பணம் என்று பெயர் மாறியிருக்கிறது. அளவு தானியத்திலிருந்து ரூபாய்க்கு வந்திருக்கிறது. இங்கே செஞ்சிக் கோட்டையில் பெரிய களஞ்சியம் ஒன்று நிற்கிறது. 1690இலிருந்து 1698 வரை மொகலாயர் படை முற்றுகையிட்டும் கோட்டை தாக்குப்பிடித்ததை வழிகாட்டிகள் சொல்வார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்தது. நல்லது. அந்தக் களஞ்சியத்துக்குள் போன நெல் யார் வீட்டு நெல், அதைக் குத்தினவள் கடைசியில் என்ன சாப்பிட்டாள் என்பதைக் களஞ்சியத்துக்கு முன் நின்று கேட்கிற பழக்கம் நமக்கு வரவேண்டும்.

உணவு பற்றி இப்போது நிறைய எழுதுகிறோம். அது வரவேற்கத்தக்கதே. ருசியை எழுதும்போது கூடவே அளவையும் எழுதுவோம் என்பதுதான் நான் சொல்ல வருவது. எத்தனை படி, எத்தனை மரக்கால், யார் அளந்தது, யார் கடைசியில் சாப்பிட்டது. ஓஷின் தன் எல்லா வரம்புகளோடும் நமக்குக் கற்றுக்கொடுப்பது இந்த ஒன்றைத்தான். கண்ணீருக்கு முன்னால் அது மூட்டையைக் காட்டியது.

ஆயாவுக்குக் கண் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. ஊருக்குப் போகும் வரை முப்பது பகுதி பார்த்தோம். பஸ் ஏறும்போது, "மீதிய பாத்து வெய்யி. அந்தம்மா கட வெச்சப்புறம், அதும் கடையில வேல செய்யற பொண்ணுங்களுக்கு எவ்ளோ குடுத்திச்சின்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.